இரைப்பை அழற்சி: ஊருக்கு ஊர் வரையறை மாறுவது ஏன்?

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாஸ்கோவில் படிக்கும் மாணவருக்கும், டோக்கியோவில் வேலை பார்ப்பவருக்கும், கோலாலம்பூர் உறவினருக்கும், மதுரையில் இருக்கும் பெரியம்மாவுக்கும் 'கேஸ்ட்ரைட்டிஸ்' என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கலாம். நால்வருக்கும் ஒரே நோய் என்று நினைத்து மாத்திரைப் பெயர்களைப் பரிமாறிக்கொள்வது நம் குடும்பங்களில் சாதாரணம். அந்தப் பழக்கத்தைக் கொஞ்சம் கலைப்பதற்காகவே இந்தக் கேள்வி பதில்.

இரைப்பை அழற்சி என்றால் உண்மையில் என்ன?

இரைப்பையின் உட்புறத்தை மூடியிருக்கும் சளிச்சவ்வில் அழற்சிச் செல்கள் குவிந்திருப்பது. நோய்க்குறியியல் நூல்கள் தரும் வரையறை இவ்வளவுதான். அதில் வலி இல்லை, எரிச்சல் இல்லை, ஏப்பமும் இல்லை. சவ்விலிருந்து ஒரு துணுக்கை எடுத்துச் சாயமேற்றி, நுண்ணோக்கியில் பார்த்து, அங்கே இருக்கக்கூடாத அளவுக்கு வெள்ளணுக்கள் சேர்ந்திருந்தால் அழற்சி, இல்லாவிட்டால் இல்லை.

ஆனால் இந்தப் பெயரைச் சுமந்துகொண்டு திரியும் பலருக்கு அந்தத் துணுக்கு எடுக்கப்பட்டதே கிடையாது. ஓர் ஊரில் நோயாளி வாயால் சொல்வதே போதுமானதாக இருக்கிறது. இன்னோர் ஊரில் அமிலத்தை அளந்தார்கள். வேறோர் இடத்தில் குழாய்க் கேமராவில் சிவப்பாகத் தெரிந்தால் போதும். அண்மைக் காலத்தில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற கிருமி இரைப்பையில் இருக்கிறதா என்ற ஒரே கேள்வியை வைத்தே முடிவு சொல்பவர்களும் இருக்கிறார்கள். எதைச் சாட்சியாக ஏற்பது என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன.

வயிறு எரிந்தால் அழற்சி என்றுதானே பொருள்?

இல்லை. இது இருநூறு ஆண்டுப் பழைய செய்தி, இன்னும் நம் காதில் ஏறவில்லை.

1822இல் அமெரிக்காவின் மெக்கினாக் தீவில் அலெக்சிஸ் சென் மார்த்தான் என்ற இளைஞர் துப்பாக்கி வெடித்துக் காயமடைந்தார். காயம் ஆறியும் வயிற்றில் ஒரு துளை மூடாமல் நின்றுவிட்டது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் அந்தத் துளை வழியாகப் பல ஆண்டுகள் உயிருள்ள இரைப்பையின் உட்புறத்தைப் பார்த்து, 1833இல் தம் குறிப்புகளை வெளியிட்டார். மது குடித்த நாட்களில் சவ்வு சிவந்து புண்போல் ஆனதை அவர் கண்டார்; அப்போதெல்லாம் அந்த மனிதர் பெரிதாக எதையும் உணரவில்லை என்பதையும் சேர்த்து எழுதினார்.

மறுபக்கமும் உண்மை. நாள் தவறாமல் மேல் வயிறு எரிகிறவர்களில் பலருக்கு எண்டோஸ்கோபியும் (குழாய்க் கேமராப் பரிசோதனை) பயாப்சியும் (துணுக்குச் சோதனை) சுத்தமாக வருகின்றன. அவர்களுக்கு இருப்பது செயல்பாட்டுச் செரிமானக் கோளாறு. இரைப்பை விரிந்து கொடுக்கும் விதமும், நரம்புகளின் கூருணர்வும், சில வேளை மனநிலையும் சேர்ந்து உண்டாக்கும் துன்பம் அது. வலி பொய்யல்ல, அழற்சி என்ற பெயர்தான் பொருந்தாது. ரோம் அளவுகோல்கள் எனப்படும் பன்னாட்டு வழிகாட்டி இதைத் தனி நோயாகவே வைத்திருக்கிறது: ஆறு மாதங்களுக்கு முன்பே தொடங்கி, கடைசி மூன்று மாதங்களாக எரிச்சலோ, வலியோ, சாப்பிட்டபின் கனமோ, சீக்கிரம் வயிறு நிறைந்துவிடும் உணர்வோ நீடிக்க வேண்டும்.

இவ்வளவு கறாரான வரையறை இருந்தும் பெயர் ஏன் இப்படிப் பரவியது?

உயிரோடிருப்பவரின் இரைப்பையைப் பார்க்க வழியில்லாத காலத்திலேயே பெயர் வந்துவிட்டது. பார்வை பின்னால்தான் வந்தது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரிஸில் பிரான்சுவா புரூசே என்ற மருத்துவர் கொடிகட்டிப் பறந்தார். ஏறக்குறைய எல்லா நோய்க்கும் மூலம் இரைப்பை, குடல் அழற்சியே என்பது அவர் கட்சி. சிகிச்சை, பட்டினியும் அட்டை விட்டு இரத்தம் எடுப்பதும். உள்நாட்டுக் குளங்கள் போதாமல் 1833இல் மட்டும் பிரான்ஸ் 4 கோடிக்கு மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. அவர் காட்டிய சான்று, இறந்தவர்களின் சிவந்துபோன இரைப்பை. ஆனால் உயிர் போனதும் இரைப்பை தன் சாற்றாலேயே தன்னைச் செரிக்கத் தொடங்கிவிடும் என்று லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் 1772இலேயே எழுதியிருந்தார். பிணத்தில் தெரிந்த மாற்றங்களில் எது நோய், எது சாவுக்குப் பிந்தைய சேதம் என்று யாராலும் பிரிக்க முடியவில்லை.

ஒரு தலைமுறை முழுக்க அழற்சி என்றது. அடுத்த தலைமுறை அலுத்துப்போய் அப்படி ஒன்றே இல்லை என்றது. கோபன்ஹேகனில் குனுட் ஃபேபர் இறந்த உடனேயே வயிற்றுக்குள் ஃபார்மலின் செலுத்திச் சவ்வைக் காப்பாற்றிய பிறகுதான் நம்பகமான ஆய்வு தொடங்கியது. 1932இல் ருடால்ஃப் ஷிண்ட்லர் ஓரளவு வளையும் உள்நோக்கியைக் கொண்டுவந்தார். கண் என்ற சாட்சி அப்போதுதான் வந்து சேர்ந்தது. 1957இல் கண்ணாடி இழை உள்நோக்கி வந்தபின் நாளடைவில் பார்ப்பதும் துணுக்கு எடுப்பதும் ஒரே வேலையாகிவிட்டன.

அதற்குள் ஒவ்வொரு நாடும் தனக்குக் கைக்கெட்டிய கருவியை வைத்துத் தன் வரையறையை எழுதிவிட்டது. இன்றைய வேறுபாடுகளில் பாதி அந்தக் காலத்து மிச்சம்.

ரஷ்யாவில் 'அமிலம் கூடிய கேஸ்ட்ரைட்டிஸ்' என்றார்கள். அது என்ன வகை?

ரஷ்யாவில் மருத்துவம் படிக்கும் தமிழ் மாணவர்கள் இந்தப் பெயரோடு விடுமுறைக்கு ஊருக்கு வருவது உண்டு. இங்குள்ள மருத்துவர் அதைப் பார்த்துவிட்டுப் புருவத்தை உயர்த்துவார்.

சோவியத் காலத்தில் மெல்லிய குழாயை விழுங்கவைத்து, இரைப்பைச் சாற்றை உறிஞ்சி, அமிலத்தை அளப்பது வழக்கமான சோதனை. அதனால் நோயும் அந்த அளவின்படியே பிரிந்தது: அமிலம் கூடியது, குறைந்தது, இயல்பானது. சாப்பாடும் அதன்படிதான். மனுவில் பெவ்ஸ்னர் என்ற மருத்துவர் வகுத்த 15 'மேசைகள்' மருத்துவமனைச் சமையலறைகளை ஆண்டன. அல்சருக்கும் அமிலம் கூடியவர்களுக்கும் ஒன்றாம் எண் மேசை: ஆவியில் வெந்தது, மசித்தது, வெதுவெதுப்பானது, உறைப்பு கிடையாது. அமிலம் குறைந்தவர்களுக்கு இரண்டாம் எண்: அங்கே இறைச்சிச் சாறு உண்டு, சுரப்பைத் தூண்ட வேண்டுமே. கனிம நீருக்கும் கணக்கு இருந்தது. அமிலம் குறைந்தவர் உணவுக்குக் கால் மணி நேரம் முன்பு குடிக்க வேண்டும். கூடியவர் ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பு, சூடாக்கி, குமிழியெல்லாம் அடங்கிய பிறகு. போர்ஜோமி, எசென்துகி என்ற கனிம நீர்ப் பெயர்களை அந்த நாட்டுப் பாட்டிகள் மருந்துச் சீட்டு இல்லாமலே சொல்வார்கள்.

சூடான சூப் இல்லாமல் ரொட்டியும் தின்பண்டமுமாக வயிற்றை நிரப்பினால் கேஸ்ட்ரைட்டிஸ் வரும் என்று அங்கே பிள்ளைகளை மிரட்டுவார்கள். நம் வீட்டில் 'நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் அல்சர்' என்கிற அதே குரல்.

இன்றைய ரஷ்ய மருத்துவர்கள் பயாப்சி, கிருமி எல்லாம் அறிந்தவர்கள்தான், வழிகாட்டிகளும் மாறிவிட்டன. ஆனாலும் பழைய பிரிவு பேச்சில் உயிரோடு இருக்கிறது. அதை முழுக்க மூடநம்பிக்கை என்று தள்ளிவிடவும் மாட்டேன்: இரைப்பையின் சுரப்பிகள் அழிந்தவர்களுக்கு அமிலம் நிஜமாகவே குறையும். அளந்ததில் தவறில்லை. அளவை நோயின் பெயராக்கியதில்தான் சிக்கல்.

ஜப்பானில் எடுத்த அறிக்கையில் 'சி-2' என்று இருக்கிறது. பயப்பட வேண்டுமா?

இது கிமுரா, தக்கெமோத்தோ என்ற இருவர் 1969இல் வகுத்த அளவு. கிருமியால் நீண்ட நாள் அழற்சி இருந்தால் சவ்வு மெலிந்து சுரப்பிகள் அழியத் தொடங்கும். இந்தத் தேய்வு இரைப்பையின் கீழ்ப்பகுதியில் தொடங்கி மேலே ஏறும். எல்லைக்கோடு எதுவரை ஏறியிருக்கிறது என்பதைக் கேமரா வழியாகப் பார்த்தே சொல்லிவிடலாம் என்று அவர்கள் காட்டினார்கள். சி-1 முதல் சி-3 வரை மூடிய வகை, ஓ-1 முதல் ஓ-3 வரை திறந்த வகை. சி-2 என்றால் தேய்வு லேசானது. ஓ-2, ஓ-3 என்று வந்தால் தவறாமல் தொடர்ந்து எண்டோஸ்கோபி பார்த்துவர வேண்டும்.

சென்னையில் இதே வயிற்றைப் பார்க்கும் மருத்துவர் 'ஆன்ட்ரல் கேஸ்ட்ரைட்டிஸ்' (இரைப்பைக் கீழ்ப்பகுதி அழற்சி) என்று இரண்டு சொல்லில் முடித்துவிடலாம். ஜப்பானியர் வரைபடம் போடுவதற்குக் காரணம் இருக்கிறது. இரைப்பைப் புற்றுநோய் அங்கே நெடுங்காலமாகப் பெருங்கொலையாளி. 1960களிலிருந்தே எக்ஸ்ரே வண்டிகள் ஊர் ஊராகப் போய் பேரியம் குடிக்கவைத்துப் படம் எடுத்தன. 2016 வழிகாட்டியில் 50 வயது தாண்டியவர்களுக்கு எண்டோஸ்கோபிப் பரிசோதனையும் சேர்ந்தது. அந்த நாட்டில் அழற்சி என்பது வயிற்றெரிச்சலின் பெயராக இருப்பதைவிட, புற்றுநோய்க்குப் போகும் பாதையின் முதல் படி.

இதில் காப்பீட்டின் கை வெளிப்படையாகவே உண்டு. 2013 பிப்ரவரியில் ஜப்பானின் மக்கள் காப்பீடு, கிருமியால் வந்த வெறும் இரைப்பை அழற்சிக்கும் கிருமி ஒழிப்புச் சிகிச்சையை ஏற்றுக்கொண்டது, எண்டோஸ்கோபியில் உறுதியானால். அதே ஆண்டில்தான் செயல்பாட்டுச் செரிமானக் கோளாறுக்கென்றே ஒரு மருந்துக்கு, அகோட்டியமைடுக்கு, அங்கே ஒப்புதல் கிடைத்தது. அதற்கு முன் அப்படிப்பட்ட நோயாளிக்குச் சீட்டு எழுத 'நாட்பட்ட இரைப்பை அழற்சி' என்ற தலைப்பே மருத்துவர்களுக்குக் கைகொடுத்தது. காப்பீட்டுப் படிவத்தில் எந்தக் கட்டம் இருக்கிறதோ அந்த நோய்தான் வரும். எந்த நாட்டிலும் அப்படித்தான்.

ஜப்பானில் புற்றுநோய் என்றதை வேறு நாட்டில் 'இல்லை' என்பார்களாமே?

வதந்தி அல்ல. 1997இல் வெளியான ஓர் ஆய்வில் ஜப்பான், ஐரோப்பா, வட அமெரிக்காவைச் சேர்ந்த 8 நோய்க்குறியியலாளர்களுக்கு ஒரே 35 கண்ணாடித் தகடுகளைக் கொடுத்தார்கள். எல்லாம் ஜப்பானிய நோயாளிகளின் இரைப்பைத் திசு. ஜப்பானியர் புற்றுநோய் என்று எழுதிய பலவற்றை மேற்கத்தியர் 'புற்றுக்கு முந்தைய மாற்றம்' என்று எழுதினார்கள்.

பார்த்தது ஒரே செல்களைத்தான். மேற்கில், செல்கள் அடுத்த அடுக்குக்குள் ஊடுருவினால்தான் புற்றுநோய். ஜப்பானில், செல்லின் கருவும் சுரப்பிகளின் அமைப்பும் போதிய அளவு கெட்டிருந்தாலே புற்றுநோய், ஊடுருவல் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஜப்பானின் சிகிச்சை வெற்றி விகிதம் மேற்கைவிடப் பளிச்சென்று தெரிந்ததற்கு இந்த எண்ணும் முறையும் ஒரு காரணம். ஒரே காரணம் அல்ல, சீக்கிரம் கண்டுபிடிப்பதில் அவர்கள் நிஜமாகவே கெட்டிக்காரர்கள். 1998இல் வியன்னாவில் 12 நாடுகளின் 31 நோய்க்குறியியலாளர்கள் கூடிப் பொது வகைப்பாடு ஒன்றை உருவாக்கினார்கள். பெயரை விட்டுவிட்டு, 'இதற்கு அடுத்து என்ன செய்ய வேண்டும்' என்ற அடிப்படையில் பிரித்ததுதான் அதன் சிறப்பு.

கொரியாவிலும் சீனாவிலும்?

கொரியாவில் 40 வயது ஆனவர்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அரசுத் திட்டத்தில் இரைப்பைப் பரிசோதனை. அத்தனை பேருக்கும் உள்ளே பார்த்தால் அத்தனை பேருக்கும் ஏதாவது தெரியத்தான் செய்யும். அறிக்கையில் அழற்சி என்ற சொல் வருவது அங்கே சளி பிடித்த செய்திபோலச் சாதாரணம். இதன் பக்கத்திலேயே 'சே' என்ற நாட்டுவழி நோயும் வாழ்கிறது: உண்டது நெஞ்சுக்குழியில் சிக்கி நின்றுவிட்டது என்ற உணர்வு. பாட்டி கட்டைவிரலை நூலால் கட்டி, நகத்தருகே ஊசியால் குத்திக் கறுத்த இரத்தத்தை வெளியேற்றுவார். எண்டோஸ்கோபி அறிக்கையும் ஊசியும் ஒரே வீட்டில் இருப்பதில் அவர்களுக்குச் சங்கடம் இல்லை.

சீன மரபு மருத்துவம் அழற்சி என்ற கருத்திலிருந்தே தொடங்குவதில்லை. இரைப்பை வலிக்குக் குளிர் தாக்கியதா, உணவு தேங்கியதா, ஈரலின் இயக்கம் முறுகி இரைப்பையைத் தாக்கியதா என்று பிரிக்கிறது. கோபமும் கவலையும் அங்கே நோயின் இலக்கணத்துக்குள்ளேயே இருக்கின்றன. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் 11ஆம் நோய் வகைப்பாட்டில் இந்தக் கிழக்காசிய மரபுக்கு ஓர் அத்தியாயம் உண்டு.

ஜெர்மனியில் 'பி வகை' என்றார்கள்.

எளிது. ஏ என்பது உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன் இரைப்பையையே தாக்குவது, பி பாக்டீரியாவால், சி வலிநிவாரணி மாத்திரை, பித்தநீர் போன்ற வேதிப்பொருள்களால். தன்னெதிர்ப்பு, பாக்டீரியா, வேதி என்பவற்றுக்கான ஜெர்மன் சொற்கள் முறையே ஏ, பி, சி எழுத்துகளில் தொடங்குவதால் நினைவில் நிற்கிறது. காரணத்தை வைத்துப் பிரிப்பதால் எனக்கு இது மிகவும் பிடித்த முறை. நோயாளிக்கும் உதவுகிறது: ஏ வகைக்கு வைட்டமின் பி12 குறைபாட்டைக் கவனிக்க வேண்டும், பி-க்குக் கிருமி ஒழிப்பு, சி-க்கு மாத்திரையை நிறுத்துவது. ஒரு குறை, சி வகையில் பல வேளைகளில் அழற்சிச் செல்களே இருப்பதில்லை. அதனால் அதை அழற்சி என்று சொல்லாமல் 'இரைப்பைச் சவ்வுச் சேதம்' என்று தனியாகக் குறிப்பவர்கள் உண்டு.

அங்கே வீட்டு வைத்தியமும் ஒன்று இருக்கிறது. சாமந்தி போன்ற ஒரு பூவில் போட்ட தேநீரைக் குடித்துவிட்டு, மல்லாந்து, இடப்பக்கம், குப்புற, வலப்பக்கம் என்று சில நிமிடங்கள் வீதம் உருள வேண்டும். தீங்கில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் மட்டும் ஈரலைக் குறை சொல்கிறார்களே?

விருந்துக்கு மறுநாள் குமட்டலும் வயிற்றுக் கனமும் வந்தால் அங்கே 'ஈரல் நெருக்கடி' என்பார்கள். ஈரலுக்கும் அதற்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. ஒரே அறிகுறிக்கு எந்த உறுப்பைப் பிடித்து உள்ளே தள்ளுவது என்பதைப் பழக்கம்தான் தீர்மானிக்கிறது.

லத்தீன் அமெரிக்காவில் எப்படி?

அங்கே இரண்டு அடுக்கு. கீழடுக்கில் 'எம்பாச்சோ': உணவு இரைப்பைச் சுவரில் ஒட்டிக்கொண்டது என்ற நம்பிக்கை. வயிற்றைத் தேய்த்து, முதுகுத் தோலைப் பிடித்து இழுத்துச் சொடுக்கு எடுப்பார்கள். அதுவரை சரி. ஆனால் அசர்கோன், கிரேத்தா என்ற பெயர்களில் சில பொடிகளும் கொடுக்கப்பட்டன. அவை ஈயச் சேர்மங்கள். 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வாழ்ந்த மெக்சிக்கக் குடும்பங்களின் குழந்தைகள் ஈய நச்சுக்கு ஆளான பிறகே மருத்துவர்களுக்கு விவரம் தெரிந்தது. குழந்தை என்ன நோயோடு வருகிறது என்று கேட்டவர்கள், வீட்டில் அதற்கு என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று கேட்கவில்லை.

மேலடுக்கில், அழற்சி எப்படிப் புற்றாகிறது என்பதை உலகுக்குச் சொன்னவரே ஒரு லத்தீன் அமெரிக்கர், கொலம்பியாவின் பெலாயோ கொர்ரேயா. நாட்பட்ட அழற்சி, சுரப்பித் தேய்வு, குடல் சவ்வுபோல் உருமாற்றம், செல் கேடு, புற்று என்ற அவருடைய படிவரிசையை 1975 முதல் மருத்துவ உலகம் படித்துவருகிறது. அதே கொலம்பியாவில் ஆண்டிஸ் மலை ஊரான துக்கெர்ரெஸிலும் கடலோர துமாக்கோவிலும் கிருமித் தொற்று ஏறக்குறைய ஒரே அளவு. புற்றுநோயோ மலையில் சுமார் 25 மடங்கு. கிருமியின் மரபுவழியும் மனிதரின் மரபுவழியும் பொருந்தாத இடத்தில் சேதம் கூடுகிறது என்று 2014இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆக, வரையறைகள் மட்டும் ஊருக்கு ஊர் மாறவில்லை. நோயே கொஞ்சம் மாறுகிறது.

தமிழ்நாட்டில் 'அல்சர்', இலங்கையில் 'கேஸ்ட்ரைட்டிஸ்', மலேசியாவில் 'கேஸ்ட்ரிக்'. எல்லாம் ஒன்றா?

பேச்சில் ஒன்று. மேல் வயிறு எரிவது, பசி நேரத்தில் வலிப்பது, ஏப்பம், உப்புசம் எல்லாவற்றுக்கும் அந்தந்த ஊர் வைத்திருக்கும் மூட்டைப் பெயர்கள் இவை. மருத்துவத்தில் அல்சர் என்பது சவ்வைத் தாண்டி ஆழமாகக் குழிந்த புண். 'எனக்கு அல்சர்' என்று சொல்கிறவரின் கோப்பைப் புரட்டினால் பெரும்பாலும் அப்படி ஒன்று பதிவாகியிருக்காது. முன்பு சிறுகுடல் தொடக்கத்து அல்சர் வட இந்தியாவைவிடத் தென்னிந்தியாவில் அதிகமாகக் காணப்பட்டது உண்மை. அந்தப் பழைய அச்சம் சொல்லில் தங்கிவிட்டது என்று நினைக்கிறேன்.

மலேசியாவில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. மலாய்க்காரர்களிடம் இந்தக் கிருமி குறைவு, சீனர்களிடமும் இந்தியர்களிடமும் அதிகம். அங்குள்ள இந்தியர்களில் பெரும்பான்மையோர் தமிழர்கள். இருந்தும் இரைப்பைப் புற்று சீனர்களைவிட இந்தியர்களுக்குக் குறைவு. ஒரே நாடு, ஒரே மருத்துவமனை, ஒரே கிருமி. 'அழற்சி' என்று எழுதப்பட்ட தாளின் எடை மட்டும் இனத்துக்கு இனம் வேறு.

சித்த மருத்துவத்தின் குன்மம்தான் இரைப்பை அழற்சியா?

நேர் சமன் போட முடியாது. வாத குன்மம், பித்த குன்மம், எரி குன்மம், வலி குன்மம், சத்தி குன்மம் என்று தொடங்கி எட்டு வகைகள். எரிச்சல் மிகுந்தது, வாந்தி மிகுந்தது என்று நோயாளி படும் பாட்டை வைத்துப் பிரிக்கும் முறை அது. இன்றைய பெயர்களில் அழற்சி, அல்சர், செயல்பாட்டுக் கோளாறு மூன்றும் அதற்குள் அடங்கலாம்; இரைப்பைப் புற்றின் தொடக்கமும் அப்படியே தோன்றலாம். அதனால்தான் 'குன்மம்' என்று பெயரிட்டதோடு நிறுத்திவிடக் கூடாது என்கிறேன். ஆயுர்வேதம் அம்லபித்தம் என்று சொல்லும் நோய்க்கும் இதே பதில். 2024 ஜனவரியில் புதுதில்லியில் சித்தம், ஆயுர்வேதம், யுனானி நோய்ப்பெயர்களுக்கான பன்னாட்டுக் குறியீடுகள் வெளியாயின. இனி ஒரே நோயாளியின் கோப்பில் இரண்டு முறைகளின் பெயர்களும் பக்கத்தில் பக்கத்தில் பதிவாகலாம். யாராவது உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தால் நிறையத் தெரியவரும்.

எல்லாருக்கும் ஒரே வரையறை வைக்க முயலவில்லையா?

முயன்றார்கள். 1990இல் சிட்னி முறை வந்தது, 1994இல் ஹூஸ்டனில் திருத்தினார்கள். கீழ்ப்பகுதியில் இரண்டு, உடற்பகுதியில் இரண்டு, நடுவளைவில் ஒன்று என ஐந்து துணுக்குகள் எடுத்து, அழற்சி, அதன் தீவிரம், தேய்வு, குடல்வகை உருமாற்றம், கிருமியின் அளவு ஆகியவற்றுக்குத் தனித்தனியே தரம் எழுத வேண்டும். நல்ல முறை. கூட்டம் நிரம்பிய மருத்துவமனையில் ஐந்து துணுக்கு எடுக்க யாருக்கு நேரம்? ஒன்றை எடுத்துக் கிருமிச் சோதனைக்குப் போடுவதோடு பல இடங்களில் முடிந்துவிடுகிறது.

2014இல் கியோத்தோவில் கூடிய வல்லுநர்கள் இன்னொரு கோணத்தில் வந்தார்கள். ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமியால் வரும் அழற்சி, அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு தொற்றுநோய். விட்டுவைக்கத் தக்க காரணம் இல்லாவிட்டால் ஒழிக்கத்தான் வேண்டும் என்றார்கள். பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் 1982இல் வளர்த்தெடுத்த கிருமி இது. 1984இல் மார்ஷல் தாமே அதைக் குடித்து, சில நாட்களில் தம் இரைப்பையில் அழற்சி வந்ததைப் பயாப்சியால் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு.

கிருமி இருக்கிறது, தொந்தரவே இல்லை. நான் நோயாளியா?

கியோத்தோ வரையறைப்படி ஆம். அந்தக் கணக்கில் உலக மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் நோயாளிகள் ஆகிறார்கள். பெரும்பாலோருக்கு வாழ்நாள் முழுக்க ஒன்றும் நேர்வதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1994இலேயே இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் வைத்தது, அதையும் மறக்கக் கூடாது.

இந்தியாவில் தொற்று மிக அதிகம், இரைப்பைப் புற்று ஒப்பீட்டளவில் குறைவு, ஆப்பிரிக்காவிலும் அப்படி. கிழக்காசியக் கிருமி வகையின் நச்சுப் புரதம் கூடுதல் வலிமையுள்ளது என்பதும் தெரிந்ததே. அதனால் ஜப்பானுக்குப் பொருந்தும் 'எல்லாரையும் சோதி, எல்லாருக்கும் மருந்து கொடு' என்ற கொள்கையை அப்படியே இங்கே இறக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆன்டிபயாட்டிக் எதிர்ப்பு ஏற்கெனவே பெரிய தலைவலி. குடும்பத்தில் இரைப்பைப் புற்று, முன்பு அல்சர், நெடுநாள் வலிநிவாரணி என்று ஏதாவது இருந்தால் கணக்கு வேறு. அப்போது ஒழிப்பதே நல்லது.

மிளகாயை நிறுத்தினால் சரியாகுமா?

எரிச்சல் குறையலாம், எரிச்சலை உணரும் நரம்பை மிளகாய் தூண்டுவதால். ஆனால் அது அழற்சியை உண்டாக்குகிறது என்பதற்குச் சான்று மெலிது. 1995இல் வெளியான ஒரு சிங்கப்பூர் ஆய்வில், ஆஸ்பிரினால் இரைப்பைச் சவ்வுக்கு வரும் சேதம் மிளகாய்த்தூள் எடுத்தவர்களுக்குக் குறைவாகவே இருந்தது. குழம்பைக் குற்றவாளியாக்கிவிட்டு மூட்டுவலி மாத்திரையைத் தினமும் விழுங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது.

எந்த நிலையில் பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் ஓட வேண்டும்?

தார்போல் கறுத்த மலம், இரத்த வாந்தி, விழுங்கச் சிரமம், காரணமில்லாத எடை இழப்பு, இரத்தசோகை, நிற்காத வாந்தி. நடுவயதுக்குப் பிறகு முதல்முறையாக வரும் வயிற்றுத் தொந்தரவும் அப்படித்தான்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்கிறேன். நெஞ்சுக்குழியில் அழுத்தம், வியர்வை, மூச்சுத் திணறல், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி இருந்தால் அது 'கேஸ்' இல்லை. மாரடைப்பு, குறிப்பாக இதயத்தின் கீழ்ச்சுவரில் வரும்போது, மேல் வயிற்று வலியாகவே தோன்றும். சோடா குடித்துவிட்டு, இஞ்சிச் சாறு குடித்துவிட்டு, விடியட்டும் என்று காத்திருந்து இறந்தவர்கள் நம் ஊரில் குறைவில்லை. நீரிழிவு உள்ளவர்களும் பெண்களும் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். முதலில் இ.சி.ஜி., பிறகு மற்றதெல்லாம்.

வேறு நாட்டு அறிக்கையை இங்கே காட்டும்போது என்ன கேட்க வேண்டும்?

'கேஸ்ட்ரைட்டிஸ்' என்று எழுதியதற்கு எது ஆதாரம் என்று கேளுங்கள். கேமராவில் பார்த்தது மட்டுமா, துணுக்கு எடுத்தார்களா, எடுத்திருந்தால் எத்தனை, எங்கிருந்து? பயாப்சித் தாளில் 'தேய்வு', 'குடல்வகை உருமாற்றம்' என்று ஏதாவது இருக்கிறதா? கிருமிச் சோதனை செய்தார்களா, செய்தபோது அமிலக் குறைப்பு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்களா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒமெப்ரசோல், பான்டோப்ரசோல் போன்றவற்றைக் குறைந்தது இரண்டு வாரமும், ஆன்டிபயாட்டிக், பிஸ்மத் மருந்துகளை நான்கு வாரமும் நிறுத்தியிருந்தால்தான் மூச்சு, மல, துணுக்குச் சோதனைகளில் 'கிருமி இல்லை' என்று வந்த முடிவை நம்பலாம். நிறுத்தலாமா என்பதை மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள் தாங்களாக அமில மாத்திரையை நிறுத்தவே கூடாது.